ஒருக்களிச்ச மாமாவும் ஒரு தண்ணீர் கேனும்

எனக்கு வயது முப்பத்திரண்டு. நான் ஓய்வு பெற்றவன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் இப்படிச் சொன்னால் அவர் உடனே என் சட்டைப் பையில் மாத்திரை தெரிகிறதா என்று பார்க்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் பார்த்த வேலை எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. வேலையே வீட்டுக்குப் போன பிறகு நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்வது?

இதை எழுதச் சொன்னது ஷாலினி. கள்ளக்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், வாக்கியம் தட்டினால் படம் வரும் மெஷினை வைத்து வேலை செய்கிற பெண். "சார், அந்தக் காலத்துல எல்லாத்தையும் கையாலயே வரைவீங்களாமே, அதெல்லாம் எழுதுங்க சார்" என்றாள். அந்தக் காலம் என்று அவள் சொன்னது போன வருஷத்துக்கு முந்தின வருஷத்தை.

எங்கள் வேலை இதுதான்: போர் விமானங்களுக்குக் கண்ணும் வாயும் குணமும் வைத்து, நடமாடுகிற ஆட்களாக வரைவது. வெளிநாட்டில் ஒரு கம்பெனி சின்னக் குழந்தைகளுக்கு கார்ட்டூன் தொடர் போட்டது. அந்த ஊர்க் குழந்தை அதைப் பார்த்துக்கொண்டே பால் குடிக்கும். அந்தப் பால் உள்ளே இறங்குவதற்கு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பின்னால், உரக்கடை மாடியில் நாங்கள் நாலு பேர் உழைத்தோம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். மணலூர்பேட்டை பக்கம் கரும்பு வைத்திருந்த என் அப்பா, யாரோ சொன்னார்கள் என்று என்னை ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங்கில் சேர்த்தார். கல்லூரி முற்றத்தில் இறக்கை கழற்றிய பழைய விமானம் ஒன்று நின்றது. நாங்கள் அதைப் பார்த்துப் படித்தோம், ஆடுகள் அதன் நிழலில் படுத்தன. படிப்பு முடிந்தபோது ஆடுகளுக்கும் எங்களுக்கும் வேலைவாய்ப்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஊரில் என் பெயர் 'ஏரோப்ளேன்' என்று ஆகிவிட்டது. "ஏரோப்ளேனு, ரெண்டு டீ சொல்லு" என்பார்கள். இரண்டு வருஷம் அப்படிப் பறந்துவிட்டு, விமானம் வரைய ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு அந்த மாடியேறினேன்.

மாடியில் இருந்தவர் ஆல்பர்ட் அண்ணன். களமருதூர்க்காரர். இருபது வயதிலிருந்து பேனர் போட்டவர். கல்யாணம், காதுகுத்து, கிறிஸ்துமஸ், கண்ணீர் அஞ்சலி, கட்சி என்று அவர் கைபடாத முகம் அந்தப் பக்கத்தில் இல்லை. விமானம் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது மேலே போகும் என்பதுதான். என் சான்றிதழை அவர் பார்க்கவே இல்லை. நான் வரைந்து கொண்டுபோன ஜெட் விமானத்தைப் பார்த்தார்.

"இவன் காலைல இன்னா துன்னான்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. விமானம் என்றேன்.

"தெரியுது தம்பி. இன்னா துன்னான்னு கேட்டேன். துன்னவனா துன்னாதவனான்னு தெரியாம மூஞ்சி எப்டி வரைவ?"

அதுதான் அவர் முறை. படம் பிடிக்கவில்லை என்றால் ஒருநாளும் பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டார். அவன் என்ன தின்றான், யாரோடு சண்டை, மாமியார் வீடு எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டே இருப்பார். பதில் சொல்ல முடியாமல் நாமே படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட வேண்டும். பிடித்துவிட்டாலோ பேச்சே இல்லை. படத்தை அப்படியே ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு டீக்குப் போய்விடுவார்.

வரைவதற்கு முன்னால் இன்னொரு சடங்கு உண்டு. புது விமானம் எது வந்தாலும், முதலில் ஒருவர் அந்த ஹாலில் அந்த விமானமாக நடந்து காட்ட வேண்டும். "நடக்கத் தெரியாதவனுக்குக் கண்ணு வைக்காதே" என்பார் அண்ணன். பெஞ்சை ஓரம் தள்ளி, வாசலிலிருந்து ஜன்னல் வரை ஒரு ஓடுபாதை விடுவோம். நடப்பவன் கையை இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டு ஆடக் கூடாது. அது பள்ளிக்கூட ஆண்டுவிழா. அந்த விமானத்துக்கு உடம்பில் எங்கே கனம், எங்கே வலி, எதைக் கண்டால் பயம், அதைக் காட்ட வேண்டும். நான் படித்ததை அங்கேதான் கக்கினேன். இன்ன விமானத்துக்கு இன்ன விசித்திரம் என்று நான் சொல்ல, சின்னதம்பி நடப்பான்.

சின்னதம்பி கல்வராயன் மலை ஆள், வெள்ளிமலைக்குப் பக்கம். பின்னணிக் காட்சி வரைவது அவன் பொறுப்பு. மலை வரையச் சொன்னால் அவனுக்குத் தெரிந்த மலையைத்தான் வரைவான். ஆகவே அமெரிக்க விமானமும் ரஷ்ய விமானமும் வருஷக்கணக்காகக் கல்வராயன் மலை மேலேயே பறந்தன. ஒரு தடவை கூர்ந்து பார்த்தால் பலாமரம்கூடத் தெரியும். எவனும் கேட்கவில்லை.

கலர் போடுவது மேரி அக்கா. வாய்க்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்தவர்.

ரஷ்ய ஜெட் ஒன்று இருக்கிறது. ஓடுபாதையில் ஓடும்போது கல்லும் மண்ணும் உள்ளே போகாமலிருக்க, காற்று இழுக்கும் வாயைக் கதவு போட்டு மூடிக்கொள்ளும். தோள் மேலே இருக்கும் துவாரங்கள் வழியாக மூச்சு விடும். சின்னதம்பி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி ஹாலைக் கடந்தான். "எங்க சின்ன நாத்தனாரு மீன் மார்க்கெட்டுக்கு வர்ற மாதிரியே கீது" என்றார் மேரி அக்கா. அந்த ஜெட் அப்படியே நாத்தனாராகத்தான் தொடரில் வந்தது. இன்னொன்று, மிக மிக வேகமான ஒரு அமெரிக்க வேவு விமானம். பறந்து சூடேறினால் உடம்பு விரியும் என்பதற்காக இடைவெளி விட்டே தகடுகளைப் பொருத்தியிருப்பார்கள். அதனால் தரையில் நிற்கும்போது எரிபொருள் சொட்டிக்கொண்டே இருக்கும். "எங்க வூட்டு ஓடு மழைக்கு ஒழுகுது, இது வெயிலுக்கு ஒழுகுதா? கட்டுனவன் ஒரே மேஸ்திரியா இருப்பான்" என்றார் அக்கா.

கம்பெனிக்கு விதிகள் இருந்தன. குண்டு போடக் கூடாது. இறக்கைக்குக் கீழே தொங்குவதை 'மூட்டை' என்று சொல்ல வேண்டும். யாரும் யாரையும் சுடக் கூடாது. முக்கியமாக, யாரும் சாகக் கூடாது. எத்தனையோ கோடி செலவில் ஆளைக் கொல்வதற்கென்றே கட்டியவற்றை வரையும்போது இந்த விதி கொஞ்சம் இடித்தது. பெரிய பீரங்கித் துப்பாக்கி ஒன்றைச் செய்து, அதைச் சுற்றி இறக்கையும் வாலும் கட்டிய விமானம் ஒன்று உண்டு. துப்பாக்கி இல்லாமல் அதை வரையச் சொன்னார்கள். யோசித்து யோசித்து அதைச் சளி பிடித்தவனாக்கினோம். மூக்கு நுனியில் குழாய், அடிக்கடி தும்மல். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

இனி அந்த ஒருக்களிச்ச மாமா.

இரண்டாவது சீசன் கடைசியில் கம்பெனி அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்களோடு வீடியோவில் பேசுகிற அந்த ஒரு அம்மாள்தான் எங்களுக்குக் கம்பெனி. யாரும் பார்த்திராத ஒரு புது ஆள் வேண்டும். அந்த ஆள் ஓடினால் மூன்றாவது சீசன் நமக்கு. இல்லையென்றால் வேறு நாட்டில் பார்த்துக்கொள்வார்கள். வேலை போனால் ஆல்பர்ட் அண்ணனுக்குப் பேனர் இருந்தது, சின்னதம்பிக்கு மலை இருந்தது. மேரி அக்காவின் வீட்டுக்காரர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். எனக்கு அப்பாவின் கரும்பும், 'ஏரோப்ளேனு, ரெண்டு டீ'யும் காத்திருந்தன.

நான் ஒரு பழைய ஜெர்மன் வேவு விமானத்தைக் கொண்டுவந்தேன். பெயர் வெறும் எண்தான், நூற்று நாற்பத்தொன்று. அதைக் கட்டியவர்களுக்கு ஒரே ஆசை: உள்ளே இருப்பவனுக்கு எல்லாப் பக்கமும் மறைவில்லாமல் தெரிய வேண்டும். அதற்காக உடம்பையே இரண்டாக்கிவிட்டார்கள். இன்ஜினும் வாலும் ஒரு நீள உடம்பாக இடப் பக்கம். ஆள் உட்காரும் கண்ணாடிக் கூடு தனியாக வலப் பக்கம். பின்னால் பார்ப்பவனுக்கு வால் மறைக்கிறது என்று, வலப் பக்கத்துப் பின்சிறகை ஏறக்குறைய வெட்டியே எறிந்துவிட்டார்கள். பார்த்தால் விபத்து நடந்தது போல இருக்கும். ஆனால் நன்றாகப் பறந்தது.

சின்னதம்பி அதை ஒருக்களித்து நடந்து காட்டினான். அண்ணன் ஒன்றும் கேட்காமல் டீக்குப் போய்விட்டார். அன்றைக்கே பெயரும் வைத்தாகிவிட்டது: ஒருக்களிச்ச மாமா.

சிக்கல் அடுத்த வாரம் வந்தது. பேனர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நடுவில் பெரிய தலை. சுற்றியிருக்கும் சின்னத் தலைகள் எல்லாம் உள்ளே, பெரிய தலையைப் பார்க்க வேண்டும். வெளியே பார்க்கிற போட்டோ வந்தால் கம்ப்யூட்டரில் அப்படியே இடம் வலமாகத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். சட்டைப் பை வலப் பக்கம் போகும், மச்சம் கன்னம் மாறும்; எந்தக் கவுன்சிலரும் கேட்டதில்லை. ஆல்பர்ட் அண்ணனுக்கு இது தொழில் வழக்கத்துக்கும் மேலே, மரியாதை. எங்கள் தொடரில் எல்லா விமானங்களும் வரிசையாக நிற்கும் காட்சியில் மாமாவின் இடம் அவர்களுக்கு வலக் கைப் பக்கத்து ஓரம். கண்ணாடிக் கூடு, அதாவது முகம், வெளிப்பக்கம் விழுந்தது. நான் ஒருநாள் ஊருக்குப் போய்வந்து பார்க்கிறேன்: எபிசோடு முழுக்க மாமா இடம் வலம் மாறி நிற்கிறார்.

"அண்ணே, இது தப்புண்ணே."

"இன்னா தப்பு? கூட்டத்துக்கு முதுகக் காட்டிக்கினு நின்னான். திருப்பி வுட்டேன். இப்பப் பாரு, எவ்ளோ மரியாதையா கீறான்."

"இன்ஜின் இடப் பக்கம்தான் இருக்கணும்."

"பால் குடிக்கிற கொழந்தை வந்து கேக்குமா?"

"பறக்காதுண்ணே. மூக்குல இருக்கற காத்தாடி ஒரு பக்கமா சுத்துனா உடம்பு எதிர்ப் பக்கமா முறுக்கும். அதச் சமாளிக்கத்தான் கூட்டோட பாரத்த வலப் பக்கம் வெச்சான். காத்தாடி சுத்துறது மட்டும் கம்பெனி குடுத்த ஃபைலு. அதுல நாம கைவைக்கக் கூடாது, ஒரே பக்கம்தான் சுத்தும். ஒடம்ப மட்டும் திருப்பிட்டா முறுக்கும் பாரமும் ஒண்ணா சேர்ந்து கவுத்துடும்."

அண்ணன் மேரி அக்காவைப் பார்த்தார். "புரியுதாம்மா?"

"புரியலண்ணே. ஆனா பையன் அழுவுற மாதிரி கீறான்."

"யாரு பேசறானோ அவனே நடந்து காட்டணும்" என்றார் அண்ணன். அதுவும் அவர் முறைதான்.

நான் தண்ணீர் கேனை எடுத்தேன். இருபது லிட்டர், நிறைந்த கேன். அதுதான் கண்ணாடிக் கூடு. வலக் கையில் தூக்கினேன். காற்றாடியின் முறுக்குக்கு ஒருவர் என் இடத் தோளை அமுக்கிக்கொண்டே கூட வர வேண்டும். யார் என்று பார்க்கும்போது வாசலில் என் அப்பா நின்றார். கையில் ஒரு கட்டு கரும்பு. பிள்ளை ஏரோப்ளேன் செய்கிறான் என்று மணலூர்பேட்டை டீக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர், தொழிற்சாலையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார்.

"இன்னாடா இது, தண்ணி கேனு போட்டுக்கினு கீற?"

"அப்புறம் சொல்றேன்பா. இந்தத் தோளப் புடிச்சு அமுக்கு."

"எதுக்கு?"

"நீதான் இன்ஜின்."

அப்பா கரும்பைச் சுவரில் சாத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அமுக்கினார். கனம் வலப் பக்கம் இழுக்க, அப்பா இடப் பக்கம் அமுக்க, நான் வாசலிலிருந்து ஜன்னல் வரை நேராக, தேர் மாதிரி போனேன். பிறகு அண்ணன் திருப்பிய படத்தின்படி கேனை இடக் கைக்கு மாற்றினேன். இன்ஜின் மட்டும் அதே தோளில். இரண்டு எட்டு வைத்தேன்.

"ஜாஸ்தி அமுக்காதப்பா..."

"நீதானடா அமுக்கச் சொன்ன!"

கேனும் நானும் அப்பாவும் மேரி அக்கா மேஜை மேல் போய் விழுந்தோம். மூடி கழன்று, அக்காவின் டிபன் பாக்ஸில் தண்ணீர் நின்றது. "யெப்பா, இதுக்கா காலேஜுக்கு அனுப்புனீங்க?" என்று அக்கா கேட்டார். அப்பா எழுந்து வேட்டியைப் பிழிந்துகொண்டே, "மொத தபா சரியாத்தான் போச்சு" என்றார்.

ஆல்பர்ட் அண்ணன் சிரிக்கவில்லை. மூலையில் பேனர் சட்டத்துக்கு ஓட்டை போடும் ட்ரில்லிங் மெஷின் கிடந்தது. அதை எடுத்துச் சும்மா ஓட விட்டார். மணிக்கட்டு இடப் பக்கமாக முறுக்கியது. நிறுத்தினார். மறுபடி ஓட விட்டார். அவர் மணிக்கட்டுக்குப் பல வருஷமாகத் தெரிந்த விஷயம்தான். "திருப்புங்க எல்லாத்தையும்" என்றார். அப்படியானால் மாமா கூட்டத்துக்கு முதுகு காட்டுவாரே என்றான் சின்னதம்பி. "காட்டட்டும். அவன் வேவு பாக்கறவன். வெளியதான் பாக்கணும்."

எல்லாவற்றையும் திரும்ப மாற்றி அனுப்பினோம். கம்பெனி அம்மாள் வீடியோவில் வந்தார். ரொம்ப அழகு என்றார். ஒரே ஒரு சின்னத் திருத்தம் என்றார். அவருடைய சின்னத் திருத்தத்துக்கு நாங்கள் பயப்படுவோம். ஒருதடவை சின்னத் திருத்தமாக விமானத்தைக் கப்பலாக்கச் சொன்னார். இப்போது சொன்னது: உடம்பை நடுவுக்குக் கொண்டுவந்து, வாலில் இன்னொரு பக்கமும் சிறகு வைத்து நேராக்கிவிடுங்கள். குழந்தைகள் உடைந்துபோனது என்று நினைத்துப் பயப்படும்.

ஆங்கிலம் எனக்கு மட்டும்தான் ஓரளவு வரும். தமிழில் சொன்னேன்.

"ரிஷிவந்தியம் கோயில்ல சாமியே பாதி அம்மா, பாதி அப்பன். யாரு பயந்தாங்க?" என்றான் சின்னதம்பி.

"அத அந்தம்மாகிட்ட இங்கிலீஷ்ல சொல்லு பாக்கலாம்" என்றார் அண்ணன்.

மேரி அக்கா குரலைத் தணித்துக்கொண்டார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "அண்ணே, ஒரு சிறகுதானே. வெச்சுட்டுப் போலாம்ணே. என் வூட்டுக்காரரு சும்மா கீறாரு. ஒனக்குத் தெரியும்."

அண்ணனுக்குத் தெரியும். மேரி அக்காவின் பக்கம் நியாயம் என்றும் தெரியும். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவாரத்துக்கு முன் அவரே திருப்பிப் போட்ட படம். பிறகு என்னிடம் சொன்னார்:

"கேளு. அவங்க ரூலு, யாரும் சாவக் கூடாதுன்னுதானே? இவன நேராக்கிட்டா இவன் செத்துப் போவான். அப்புறம் அங்க நிக்கறது வேற எவனோ. அதச் சொல்லு. ஒரு வார்த்தை கொறைக்காத."

குறைத்துச் சொல்ல எனக்கு வழி இருந்தது. 'யோசித்துச் சொல்கிறோம்' என்று ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் ஹாலில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மேரி அக்கா என் வாயையே பார்த்தார். நான் அப்படியே சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அது இன்னும் மொட்டையாக வந்தது: நேராக்கினால் அவர் இறந்துவிடுவார், உங்கள் விதியை மீற முடியாது.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். திரையில் படத்தைத் திரும்ப ஓட விட்டுப் பார்த்தார் போலிருக்கிறது. அவர் கண்கள் இடமிருந்து வலம் போயின. பிறகு, "சரி, சாக வேண்டாம்" என்றார்.

மூன்றாவது சீசன் வந்தது. மாமா அதில் மற்றவர்களைவிட அதிகம் வந்தார். மேரி அக்கா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் டிபன் பாக்ஸைத் திறந்து, "மீன் கொழம்பு. தண்ணி ஊத்தாத" என்றார்.

நான்காவது சீசன் வரவில்லை. வாக்கியம் தட்டினால் படம் போடும் மெஷின் வந்துவிட்டது. எங்கள் மேல் குறை ஒன்றுமில்லை என்று அம்மாள் உண்மையாகவே வருத்தப்பட்டு எழுதினார். புது முறையில் செய்த மாதிரிப் படம் ஒன்றையும் அனுப்பியிருந்தார். எல்லோரும் வரிசையாக நின்றார்கள்: நாத்தனார், ஒழுகுகிறவர், தும்முகிறவன். ஓரத்தில் மாமா. நடுவில் உடம்பு, இரண்டு பக்கமும் சிறகு, நேராக, திருமண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. முகம் உள்ளே பார்த்தது.

ஆல்பர்ட் அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார். "காலைல இன்னா துன்னானாம்?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. அத்தோடு ஆபீஸ் முடிந்தது. சின்னதம்பி மலைக்குப் போய் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் மலை வரைந்தான், மலைக்கு எதிரிலேயே. மேரி அக்கா துணிக்கடையில் சேர்ந்து, புடவை மேல் தன் வாயைப் பிரயோகிக்கிறார். நான் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மெஷின் பார்க்கிறேன். சில சமயம் மோட்டாரைப் பார்த்து, என்ன தின்றாய் என்று கேட்டுவிடுகிறேன்.

ஷாலினி அவள் மெஷினில் என் எதிரே உட்கார்ந்து அந்த விமானத்தைக் கேட்டுப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் இரண்டாவது சிறகு முளைத்துவிடுகிறது. "வேணாம்னாலும் வெக்குது சார்" என்றாள். அது மரியாதை தெரிந்த மெஷின் என்றேன்.

கையால் வரைந்த மாமா ஒருவர் மட்டும் மிச்சமிருக்கிறார். ஆல்பர்ட் அண்ணன் திரும்பப் பேனர் கடை போட்டபோது, வாசலுக்கு மேலே ஆள் உயரத்துக்கு அவரை அச்சடித்து மாட்டினார். கடைக்கும் கூட்டத்துக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து ஒருக்களித்து நிற்கிறார். போன மாதம் அப்பாவோடு அங்கே போயிருந்தேன். காதுகுத்து பேனருக்கு வந்த ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, பாதி ரெக்கைய பிச்சுக்கினு பூட்டாங்களா? இது எப்டிப் பறக்கும்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் போனார்.

"பறக்குங்க. நேராவே போவும்" என்றார். "நான்தான் அதுக்கு இன்ஜின்."